செல்லின் மேல் இருக்கும் சர்க்கரை: எந்த ஆய்வகத்துக்குப் போவது?

கேள்வி: உயிர்வேதியியலில் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். வயது 31. ஐந்து வருடமாக ஒரே ஒரு சவ்வுப் புரதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரையை எப்போதும் தொல்லையாகத்தான் பார்த்திருக்கிறேன், புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டையைக் கலங்கலாக்கிவிடும் என்பதால். இப்போது போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வாய்ப்பு இரண்டு வந்திருக்கிறது. இரண்டுமே செல் மேற்பரப்புச் சர்க்கரையும் நோயும் பற்றியவை. ஒன்று அமெரிக்காவில், முப்பது பேர் இருக்கும் ஆய்வகம். கணையப் புற்றுத் திசுவையும் நல்ல திசுவையும் எடுத்து, எந்தெந்தச் சர்க்கரை கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) பார்க்கும் வேலை. இன்னொன்று ஜெர்மனியில், மொத்தமே ஆறு பேர். ரத்தப் புற்றுச் செல்லின்மேல் ஒரு சிக்லெக் (நோயெதிர்ப்புச் செல்லின் மேலிருந்து சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) எந்தப் புரதத்தில் உள்ள சர்க்கரையைப் பிடிக்கிறது, பிடித்தால் நோயெதிர்ப்புச் செல் என்ன ஆகிறது என்பது கேள்வி. ஐந்தாறு வருடத்தில் இந்தியா திரும்பி சொந்தமாக ஆய்வகம் தொடங்க ஆசை. கணவர் சாஃப்ட்வேரில் இருக்கிறார். மாமியார், “இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?” என்கிறார். சர்க்கரை பற்றி ஒன்றும் தெரியாத நான் இதில் இறங்கலாமா? இறங்கினால் எந்த ஆய்வகம்?
- உ., கோயம்புத்தூர்

அன்புள்ள உ.,

மாமியாரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. போஸ்ட்டாக் படிப்பு இல்லை, மாதச் சம்பளம் வரும் வேலை என்று சொல்லுங்கள். எதைப் பற்றி வேலை என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. “சர்க்கரையில் ஆராய்ச்சி” என்று ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் வாய்விட்டேன். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மூன்று பேர் தங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டிவிட்டார்கள். அந்தத் தாளில் எச்பிஏ1சி என்று ஒன்று இருக்குமே, அதுவும் புரதத்தின்மேல் சர்க்கரை ஒட்டிய கதைதான். ஆனால் அது ரத்தத்தில் குளுக்கோஸ் அதிகமாகித் தானாகப் போய் ஒட்டிக்கொள்வது. நம்முடையது, செல் தானே என்சைம் வைத்து, இடம் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கும் சர்க்கரை.

மாமியாருக்குப் புரியவைக்க ரத்தப் பிரிவு போதும். ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் உள்ள வித்தியாசம், சிவப்பணுவின் மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒன்றுதான். ஏ என்றால் என்-அசிட்டைல் கேலக்டோசமைன், பி என்றால் வெறும் கேலக்டோஸ். அதை ஒட்டவைக்கும் இரண்டு என்சைம்களுக்கும் இடையே மாறியிருப்பது நாலே நாலு அமினோ அமிலம். அந்தக் கடைசிக் கண்ணியைப் பார்க்காமல் ரத்தம் ஏற்றினால் ஆள் உயிர் போகலாம். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் உடன் வேலை செய்தவர்களும் ஒரு விசித்திர ரத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ரத்தம் உள்ளவர்களுக்கு ஏ, பி சர்க்கரைகள் ஒட்டவேண்டிய அடிச் சர்க்கரையே கிடையாது. பார்க்க ஓ மாதிரி இருக்கும், ஆனால் ஓ ரத்தம்கூட ஒத்துக்கொள்ளாது. இன்றைக்கும் அதற்குப் பெயர் பாம்பே பிரிவு. இவ்வளவு சொன்னால் போதும், சர்க்கரை ஆராய்ச்சி வெட்டி வேலை இல்லை என்று வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்.

சரி, உங்கள் முதல் கேள்வி. சர்க்கரை தெரியாது என்பது குறையே இல்லை. ஜெல்லில் கலங்கிய அந்தப் பட்டை எதனால் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். புரதத்துக்கு ஜீனில் எழுதிவைத்த வரிசை இருக்கிறது. சர்க்கரைக்கு அப்படி எழுத்து எதுவும் இல்லை. எண்டோபிளாஸ்மிக் வலையிலும் கோல்ஜியிலும் வரிசையாக நிற்கும் என்சைம்கள் ஆளுக்கொரு துண்டு வைக்கின்றன, வெட்டுகின்றன. எந்த என்சைம் எவ்வளவு இருந்தது, புரதம் அந்த வழியாக எவ்வளவு வேகமாகப் போனது, சர்க்கரை மூலப்பொருள் கையிருப்பு எப்படி இருந்தது என்பதையெல்லாம் பொறுத்து, ஒரே புரதத்தின் ஒரே இடத்தில் பத்து மூலக்கூறுகளில் பத்து விதமான மரம் முளைத்திருக்கும். அந்தப் பத்தும் ஜெல்லில் பத்து வேகத்தில் ஓடுகின்றன, உங்கள் பட்டை கலங்குகிறது. நீங்களும் ஒருநாள் எரிச்சலில், சர்க்கரையை வெட்டியெடுக்கும் பிஎன்ஜிஏஸ்-எஃப் என்சைமைப் போட்டு எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, “அப்பாடா, ஒரே பட்டை” என்று நிம்மதியாகியிருப்பீர்கள். அன்று வழித்துக் கொட்டியதுதான் இனிமேல் உங்கள் வேலை.

சவ்வுப் புரதத்தைக் கையில் எடுக்கத் தெரிந்தவர்கள் இத்துறையில் எப்போதும் கம்மி. சர்க்கரை வேதியியல் படித்து வந்தவர்கள் புரதத்தைத் தொடவே பயப்படுவார்கள். ஆகவே தயங்காமல் இறங்குங்கள்.

எந்த ஆய்வகம் என்பதுதான் பேசவேண்டிய விஷயம். நாடும் ஆள் கணக்கும் முக்கியம்தான், ஆனால் அதைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நோயில் சர்க்கரை மாறியிருக்கிறது என்று காட்டுவது ஒரு வேலை. அந்தச் சர்க்கரை மாறியதால்தான் இது நடந்தது என்று காட்டுவது வேறு வேலை. முதலாவது, கருவி நல்லதாக இருந்தால் நிச்சயம் ஏதாவது கிடைக்கும். புற்றுச் செல்லில் சர்க்கரை மாறாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இரண்டாவது வேலையில் நான்கு வருடம் போட்டும் ஒன்றும் தேறாமல் போகலாம்.

கணையப் புற்று என்று எழுதியிருப்பதால் அதிலிருந்தே சொல்கிறேன். சிஏ 19-9 ரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தெரியும். 1979-ல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலாரி கொப்ரோவ்ஸ்கியின் குழு, பெருங்குடல் புற்றுச் செல்லை எலிக்கு ஏற்றி எடுத்த ஆன்டிபாடிகளில் ஒன்றிலிருந்து வந்தது அந்தப் பரிசோதனை. அந்த ஆன்டிபாடி பிடிப்பது புரதத்தை இல்லை, சியாலில் லூயிஸ்-ஏ என்ற சின்னச் சர்க்கரைத் துண்டை என்று பின்னால் தெரிந்தது. கணையப் புற்று நோயாளிக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். பித்தநாளம் அடைத்தாலும் அது ஏறும். லூயிஸ் என்சைம் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கோ, புற்று முற்றினாலும் ஏறாது, ஏனென்றால் அவர்களால் அந்தச் சர்க்கரையைச் செய்யவே முடியாது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் பழகிப்போன சமாசாரம். ஆனால் அந்தச் சர்க்கரை கணையத்தில் ஏதாவது செய்கிறதா, சும்மா கூடவே வருகிறதா? இதற்கு உருப்படியான சோதனை ஒன்று வர 2019 ஆகிவிட்டது. எலிகளுக்கு இயல்பிலேயே அந்தச் சர்க்கரை கிடையாது. எனவே மனித என்சைமைப் புகுத்தி எலியின் கணையத்தில் அதை உண்டாக்கிப் பார்த்தார்கள். எலிகளுக்குக் கணைய அழற்சி வந்தது. அந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள், அழற்சி தணிந்தது. புற்று ஜீன் ஒன்றும் கூட இருந்த எலிகளில் புற்று வேகமாக வந்தது. வெறும் அடையாளம் என்று நாற்பது வருடமாக அளந்துகொண்டிருந்த பொருள், தானே நோயைக் கிளப்பக்கூடியது என்று தெரிந்தது.

அந்த நாற்பது வருடத்தில் சிஏ 19-9 கூடியது, குறைந்தது என்று எத்தனை கட்டுரை வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. அவற்றில் சிலவற்றுக்கு நானே மதிப்பீட்டாளராக இருந்திருக்கிறேன்.

ஜெர்மனி ஆய்வகத்தின் கேள்வி இரண்டாவது ரகம். சிக்லெக் குடும்பம் என்பது நோயெதிர்ப்புச் செல்களின் மேலிருந்து சியாலிக் அமிலத்தை, அதாவது சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் உட்காரும் ஒரு வகைச் சர்க்கரையை, தடவிப் பார்க்கும் புரதங்கள். தடவிப் பார்த்து சியாலிக் அமிலம் இருந்தால், பெரும்பாலான சிக்லெக்குகள் “இது நம்ம வீட்டுச் செல், விடு” என்று உள்ளே தகவல் அனுப்பும். புற்றுச் செல்கள் உடம்பெல்லாம் சியாலிக் அமிலத்தைப் பூசிக்கொண்டு இந்த வழியாகத் தப்பிக்கின்றன என்பது பொதுவான கதை. ஆனால் எல்லாச் செல்களின் மேலும் சியாலிக் அமிலம் கொட்டிக் கிடக்கிறதே, சிக்லெக் எதைப் பார்த்து முடிவு செய்கிறது? 2021-ல் கே562 என்ற ரத்தப் புற்றுச் செல்லில் கிரிஸ்பர் வைத்து ஜீன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். சிக்லெக்-7 ஒட்டாமல் போனது எப்போது? சியாலிக் அமிலம் செய்யும் ஜீன்களை அணைத்தபோது, அது எதிர்பார்த்ததே. கூடவே சிடி43 என்ற ஒரே ஒரு புரதத்தை அணைத்தபோதும் ஒட்டுவது விழுந்துவிட்டது. செல்லின் மேல் மற்ற சியாலிக் அமிலமெல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனாலும் சிக்லெக்-7-க்கு அது போதவில்லை. விலாசத்தில் தெருப்பெயர் மட்டும் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? கதவெண்ணும் வேண்டும். அந்தக் கதவெண் புரதம். ஐந்து வருடம் புரதத்தோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் எந்த மாணவரையும் சர்க்கரைக்கு அனுப்புவதில்லை.

போஸ்ட்டாக்கின் முதல் வருடம். ஒரு மருந்து கொடுத்த செல்களில் சியாலிக் அமிலம் பாதியாகக் குறைகிறது என்று கண்டுபிடித்தேன். எல்டர்பெரி மரப்பட்டையிலிருந்து எடுக்கும் லெக்டின் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) ஒன்று இருக்கிறது, ஒரு வகைச் சியாலிக் அமிலப் பிணைப்பை மட்டும் பிடிக்கும். அதற்குச் சாயம் ஏற்றி, ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு சாயம் என்று அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினேன். வரைபடத்தில் இரண்டு மலை, நன்றாக விலகி நின்றன. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே. வாராந்திரக் கூட்டத்தில் படம் போட்டேன், எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து காபி ஊற்றும்போது, செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் வயதான டெக்னீஷியன் பக்கத்தில் வந்து, “தட்டிலிருந்து செல்லை எப்படி எடுத்தாய்?” என்றார். ட்ரிப்சின் போட்டு என்றேன். “எத்தனை நிமிஷம்?”

அங்கேதான் விழுந்தேன். மருந்து கொடுத்த செல்கள் தட்டில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சாதாரணச் செல்கள் மூன்று நிமிடத்தில் கழன்றுவரும், இவை பத்து நிமிடம் ஆனாலும் அசையாது. நானும் பொறுமையாகப் பத்து நிமிடம் ஊறவைத்தேன். ட்ரிப்சின் புரதத்தை வெட்டும் என்சைம். கூடுதலாக ஏழு நிமிடம் அது செல்லின் மேலிருந்த புரதங்களைச் சர்க்கரையோடு சேர்த்துச் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறது. அடுத்த வாரம் ட்ரிப்சினை விட்டுவிட்டு இரண்டு தட்டையும் புரதத்தை வெட்டாத ஈடிடிஏ மட்டும் போட்டு எடுத்தேன். இரண்டு மலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. மூன்று மாத வேலை. என் பிஐ (ஆய்வகத் தலைவர்) திட்டவில்லை, நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொன்னார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அப்புறம் ஒரு பழக்கம் வந்தது. லெக்டின் சிக்னல் எதைப் பார்த்தாலும் நிலக்கடலை லெக்டினைக் கூட வைத்துப் பார்ப்பேன். நிலக்கடலை லெக்டின் பிடிக்கும் சர்க்கரையைப் பெரும்பாலும் மேலே சியாலிக் அமிலம் மூடியிருக்கும். சியாலிடேஸ் என்சைமை அரை மணி நேரம் போட்டு அந்த மூடியைக் கழற்றுங்கள். எல்டர்பெரி சிக்னல் இறங்கவேண்டும், நிலக்கடலை சிக்னல் ஏறவேண்டும். அதன்பின் அதே குழாயில் கேலக்டோஸை அள்ளிப் போட்டால், கடலை லெக்டின் செல்லை விட்டுவிட்டுக் கேலக்டோஸைப் பிடித்துக்கொள்ளும், சிக்னல் விழும். ஏறவேண்டியது ஏறி, விழவேண்டியது விழுந்தால்தான் நம்புவேன். (லெக்டின் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் சிவப்பணுக்களைத் திரளவைப்பதை 1888-ல் ஸ்டில்மார்க் பார்த்ததிலிருந்துதான் இந்தக் கதையே தொடங்குகிறது. பலாக்கொட்டையின் லெக்டினுக்குப் பெயரே ஜாக்கலின். அதையும் நிலக்கடலையுடையதையும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் வருடக்கணக்காக அலசியிருக்கிறார்கள்.)

இன்னொரு குழி, செல்லை வளர்க்க ஊற்றும் மாட்டு சீரம். மனித உடம்பு செய்யமுடியாத ஒரு வகைச் சியாலிக் அமிலம் இருக்கிறது, அதைச் செய்யும் ஜீன் நம் மூதாதையரில் என்றோ பழுதாகிவிட்டது. இதைத் துருவித் துருவி ஆராய்ந்த அஜித் வர்க்கி வேலூர் சிஎம்சியில் மருத்துவம் படித்தவர், பிறகு சான் டியாகோ போனார். மனிதச் செல்லை மாட்டு சீரத்தில் வளர்த்தால் அது மாட்டின் சியாலிக் அமிலத்தை எடுத்துத் தன்மேல் பூசிக்கொள்ளும். நீங்கள் அதைப் புற்றின் குணம் என்று எழுதிவிடக்கூடாது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு பிஐ-க்களிடமும் வீடியோவில் பேசும்போது, “உங்கள் ஆய்வகத்தில் செல்லை எப்படித் தட்டிலிருந்து எடுப்பீர்கள், லெக்டினுக்கு எதைக் கன்ட்ரோலாக வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்த நிமிடமே பதில் வந்தால் நல்லது. “அதெல்லாம் மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றால் யோசியுங்கள். பழைய போஸ்ட்டாக்குகளில் ஒருவரையாவது பிடித்துப் பேசுங்கள், முக்கியமாக நடுவில் விட்டுப்போனவரை. முப்பது பேர் ஆய்வகத்தில் அதே கணையத் திசு யார் யார் மேஜையில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் சம்பளம் எந்த நிதியிலிருந்து, அது எந்த மாதம் முடிகிறது என்றும் கேளுங்கள். ஆறு பேர் ஆய்வகத்தில் இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. பணம் நின்றால் அங்கே தாங்கிப்பிடிக்க வேறு யாரும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். சொந்த ஆய்வகம் தொடங்கப்போகிறவருக்கு அது சம்பளத்தைவிடப் பெரிது.

என் ஓட்டு ஜெர்மனிக்கு. ஆனால் அது நீங்கள் திரும்பிவந்து ஆய்வகம் வைக்கப்போவதாக எழுதியதால் மட்டும்தான். கம்பெனி வேலை என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாஸ் ஸ்பெக்கைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்றிருப்பேன். பயோசிமிலர் (புரத மருந்துகளின் நகல் வடிவம்) தயாரிக்கும் எல்லாருக்கும் சர்க்கரையை அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினில் இரண்டு சர்க்கரை மரத்தைக் கூடுதலாக நட்டதால்தான் டார்பெபாய்ட்டின் உடம்பில் அதிக நாள் தங்குகிறது. ஆன்டிபாடியின் சர்க்கரை மரத்திலிருந்து ஃபியூக்கோஸ் என்ற ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் அது கொல்லும் செல்களை இன்னும் பலமாகக் கூப்பிடுகிறது. இதையெல்லாம் ஒவ்வொரு பேட்ச்சிலும் அளந்து காட்டினால்தான் மருந்து வெளியே போகும். ஆகவே ஜெர்மனி போனாலும் சர்க்கரை மாஸ் ஸ்பெக் இருக்கும் கூட்டு ஆய்வகம் எதற்காவது ஒரு மாதமாவது அனுப்புவீர்களா என்று பிஐ-யிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

கணவர் விஷயம். அமெரிக்கா என்றால் எந்த விசா என்று முதலில் கேளுங்கள். ஜே-1 என்றால் அவர் ஜே-2-வில் வந்து, வேலை அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். எச்-1பி என்றால் அவருக்கு எச்-4, அதில் ஆரம்பத்தில் வேலை செய்ய வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் வாழ்க்கைத்துணையாக வருபவர் வேலை பார்க்கலாம், மொழிதான் இடிக்கும். இன்னொன்று, இதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு, கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது. பிஐ நிதியில் போய் உட்கார்ந்துவிட்டு, நிதானமாக இரண்டாம் வருடம் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் கதவு சாத்தியிருக்கும். அதனால் போகுமுன்னோ, போன சூட்டோடோ போட்டுவிடவேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு வருடம் முழுக்க விண்ணப்பிக்கலாம். திரும்பி வருவதற்கு ராமலிங்கசாமி உதவித்தொகை, இந்தியா அலையன்ஸ் இரண்டையும் இப்போதே ஒருமுறை படித்துவையுங்கள். அவர்கள் என்ன கேட்பார்கள் என்று தெரிந்தால் அங்கே என்ன செய்யவேண்டும் என்பது தானாகத் தெரியும்.

மாமியாரின் “எத்தனை வருஷம்” என்ற கேள்விக்கு ஒரு எண் சொல்லுங்கள். நான்கு என்று சொல்லலாம். அவருக்காக இல்லாவிட்டாலும், உங்களுக்காக. ஒரு போஸ்ட்டாக் முடிந்து இன்னொன்று, அதன்பின் இன்னொன்று என்று ஓடி நாற்பது வயதில் மூச்சு வாங்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

பதில் சொல்ல ஒரு வாரம்தான் இருக்கிறது என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். இன்னும் பத்து நாள் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் இன்றே எழுதுங்கள், பெரும்பாலும் தருவார்கள். பத்து நாள்கூடத் தரமுடியாது என்று ஒருவர் சொன்னால், அங்கே இருந்து விட்டுப்போன அந்தப் பழைய போஸ்ட்டாக்கை முதலில் கூப்பிடுங்கள்.